கோபத்துல "நான்" எத்தனை தடவை வருது?

கேள்வி இதுதான்: "இயேசுவே கோபப்பட்டு ஆலயத்துல மேஜையைக் கவிழ்த்தாரே, அப்போ எனக்கு வர்ற கோபம் நீதியான கோபமா சுயநலக் கோபமான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

நான் இறையியல் படிச்சவன் இல்ல. பல வருஷமா சண்டே ஸ்கூல் எடுக்கறவன், அதோட கோபக்காரன்னு நல்லா பேர் வாங்கினவன். அந்த ரெண்டு தகுதிய வச்சுத்தான் எழுதறேன்.

கோபம் வந்த எவனும் "இப்போ எனக்கு சுயநலக் கோபம் வந்திருக்கு"ன்னு நினைக்க மாட்டான். அந்த நேரத்துல நம்ம கோபம் நமக்கு எப்பவுமே நியாயமாத்தான் தெரியும், ஏன்னு யாராவது கேட்டா வசனத்தோட பட்டியல் போட்டுக் கொடுப்போம். அதனால காரணம் நியாயமானதான்னு மட்டும் பார்த்தா இது பிடிபடவே பிடிபடாது. எப்படித் தெரியும்னா, நானே மாட்டியிருக்கேன்.

சில வருஷம் முன்னாடி எங்க சபைல கட்டட நிதிக் கணக்கப் பார்த்துட்டு இருந்தேன், 3 செலவுக்கு பில் இல்ல. பொருளாளரா இருந்தவர் என்னைவிட வயசுல மூத்தவர், அண்ணன்னுதான் கூப்பிடுவேன். ராத்திரி 11 மணி இருக்கும், போனை எடுத்து கமிட்டி வாட்ஸ்அப் குரூப்ல டைப் பண்ண ஆரம்பிச்சேன், இது காணிக்கைப் பணம், ஏழை விதவை போட்ட ரெண்டு காசும் இதுல இருக்கு, கர்த்தர் கணக்கு கேப்பார்னு 3 வசனத்தோட ஒரு நீள மெசேஜ், படிக்கறவங்க ஸ்க்ரோல் பண்ணிக்கிட்டே போகணும், அவ்ளோ நீளம். அனுப்பிட்டு நிம்மதியா தூங்கினேன். சத்தியமா நிம்மதியாத்தான் தூங்கினேன், ஏதோ பெரிய ஊழியம் செஞ்சு முடிச்ச மாதிரி.

காலைல பார்த்தா நாலஞ்சு தம்ஸ் அப். ரெண்டு பேர் தனியா போன் போட்டு "கரெக்டா கேட்டீங்க பிரதர்"ன்னாங்க. அடுத்த ஞாயிறு அண்ணன் வரல, அவர் பையன் என் கிளாஸ்லதான் உக்காருவான், அவனும் வரல.

ஒரு வாரம் கழிச்சு அந்த மெசேஜை வேற எதுக்கோ தேடி எடுத்துப் படிச்சேன். போன வருஷமே நான் சொன்னேன், என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல, எனக்குத் தெரியாம எப்படி. சும்மா எண்ணிப் பார்த்தேன், "நான்", "எனக்கு", "என்கிட்ட" எல்லாம் சேர்த்து 14 தடவை. கர்த்தர் 2 தடவை வந்திருக்கார். அதுக்கு முந்தின வருஷம் அந்தப் பொருளாளர் பொறுப்புக்கு என் பேரும் அடிபட்டுச்சு, கடைசில அவருக்குப் போச்சு. அதுல எனக்கு வருத்தம்னு யார்கிட்டயும் சொன்னதில்ல, மனசுக்குள்ளகூட ஒத்துக்கிட்டதில்ல.

இதுல நல்லா கவனிக்க வேண்டியது, பில் இல்லாதது உண்மை, கேக்க வேண்டிய கேள்விதான் அது. விஷயம் சரியா இருந்தும் கோபம் என்னோடதா இருந்துச்சு. ரெண்டும் ஒரே மெசேஜ்ல இருக்க முடியும்ங்கறது எனக்கு அப்போதான் உறைச்சது.

அதுக்கப்புறம் பைபிள்ல கோபம் வர்ற இடமா தேடித் தேடிப் படிச்சேன். மோசேயப் பாருங்க. யாத்திராகமம் 32ல ஜனங்க செஞ்சு கும்பிட்ட பொன் கன்னுக்குட்டியப் பார்த்து கல்பலகையத் தூக்கிப் போட்டு உடைக்கறார். தேவனே எழுதின பலகை, ஆனா அதை உடைச்சதுக்காக அவரைத் திட்டினதா எங்கயும் இல்ல. எண்ணாகமம் 20ல தண்ணிக்காக ஜனங்க முறுமுறுக்கறாங்க, கன்மலையப் பார்த்துப் பேசச் சொன்னா இவர் கோலால ரெண்டு தரம் அடிக்கறார், அதுக்கு வாக்குத்தத்த தேசத்துக்குள்ள போற பாக்கியமே போயிடுது. சண்டே ஸ்கூல்ல பசங்க கேப்பாங்க, பலகைய உடைச்சவருக்கு ஒண்ணும் இல்ல, பாறைய அடிச்சதுக்கு இவ்ளோ பெரிய தண்டனையான்னு. ரெண்டாவது இடத்துல அவர் பேசினத வாய்விட்டுப் படிங்க: "கலகக்காரரே, கேளுங்கள், உங்களுக்கு இந்தக் கன்மலையிலிருந்து நாங்கள் தண்ணீர் புறப்படப்பண்ணுவோமோ." நாங்கள்! தண்ணி கொடுக்கறது யாரு, இவர் யாரு? மொதல் கோபத்துக்கு அப்புறம் இதே மனுஷன் மலைக்கு ஏறிப் போய், இவங்கள மன்னியும், இல்லைன்னா உம்ம புஸ்தகத்துலருந்து என் பேரக் கிறுக்கிப்போடும்னு அதே ஜனத்துக்காக மன்றாடறார். கோபப்பட்டவங்களுக்காகவே தன் பேர விட்டுக்கொடுக்கத் தயாரா இருக்கார். (அந்த 32ம் அதிகாரத்துலயே ஏறக்குறைய 3,000 பேர் சாகறாங்க, அதை நான் மறைக்கல, எனக்கு இன்னிக்கும் நெருடற பகுதி அது.)

தாவீது ராஜா கதை இன்னும் மோசம். உரியாவோட பெண்டாட்டிய எடுத்துக்கிட்டு அவனையும் சாகடிச்சவர் அவர். அப்புறம் நாத்தான் தீர்க்கதரிசி வந்து, பணக்காரன் ஒருத்தன் ஏழையோட ஒரே ஆட்டுக்குட்டியப் பிடுங்கிட்டான்னு சொன்னதும் ராஜாவுக்கு அப்படி ஒரு கோபம், அவன் சாகணும், நாலத்தனையா திருப்பித் தரணும்னு தீர்ப்பே சொல்லிடறார். அக்மார்க் நீதியான கோபம், ஏழைக்காக வர்ற கோபம். "நீயே அந்த மனுஷன்"னு நாத்தான் சொல்ற வரைக்கும். எனக்கு இதப் படிச்சப்புறம் ஒரு பயம் வந்துருச்சு, யார் மேலயாவது எனக்கு ரொம்பத் தூக்கலா நீதி உணர்ச்சி பொங்குச்சுன்னா, அதே சரக்கு என்கிட்ட எங்க ஒளிஞ்சிருக்குன்னு தேட ஆரம்பிச்சுடுவேன்.

யோனா, நம்ம எல்லாரோட போட்டோகாபி. அழியப்போகுதுன்னு தான் எச்சரிச்ச நினிவே நகரம் மனந்திரும்பித் தப்பிச்சுதேன்னு கோபம், தன் தலைக்கு நிழல் கொடுத்த ஆமணக்குச் செடி வாடிருச்சேன்னு கோபம். "நீ எரிச்சலாயிருக்கிறது நல்லதோ"ன்னு தேவன் கேட்டா, சாகற வரைக்கும் எரிச்சலாயிருக்கறது நல்லதுதான்னு பதில் சொல்றார், என்ன திமிர் பாருங்க. அந்த ஊர்ல 1,20,000 பேருக்கு மேல இருக்காங்களே, மிருகஜீவன்களும் இருக்கேன்னு தேவன் கேக்கறதோட புத்தகமே முடிஞ்சுடுது, யோனா என்ன பதில் சொன்னார்னே எழுதல.

இப்போ நீங்க கேட்ட மேஜை. இதை எல்லாரும் "இயேசுவே கோபப்பட்டார்"னு தன் கோபத்துக்கு லைசென்ஸ் மாதிரி எடுத்துக் காட்டுவாங்க, நானும் காட்டியிருக்கேன். ஆனா மாற்கு 11:11 யாரும் படிக்கறதில்ல. மொத நாள் சாயங்காலமே அவர் ஆலயத்துக்குள்ள வந்து எல்லாத்தையும் சுத்திப் பார்த்துட்டு, நேரமாயிடுச்சுன்னு பெத்தானியாவுக்குப் போயிடறார். அடுத்த நாள்தான் வந்து மேஜையக் கவிழ்க்கறார். ஒரு ராத்திரி தாண்டியும் நிக்கற கோபம் அது. (ராத்திரி 11 மணிக்கு டைப் பண்ணின ஆள் நான்.) யோவான் எழுதினதுல கயித்தால சவுக்கு பண்றார்னு இருக்கு, அதையும் உக்காந்து முறுக்கித்தானே பண்ணியிருக்கணும். அதே இடத்துல காசு மாத்தறவங்களோட காசக் கொட்டிடறார், ஆனா புறா விக்கறவங்கள மட்டும் "எடுத்துக்கொண்டுபோங்கள்"னு சொல்றார். ஆட்டை விரட்டினா பிடிச்சுக்கலாம், புறா பறந்துட்டா போச்சு. அதுக்காகத்தான் அப்படிச் சொன்னார்னு எழுதியிருக்கல, எனக்குத் தோணறது. புறாங்கறது, ஆட்டுக்குட்டி வாங்க வக்கில்லாதவங்களோட பலி, அவரோட அம்மா அவர் பிறந்தப்போ செலுத்தினதும் அதுதான்.

யாருக்காகக் கோபப்பட்டார்? "எல்லா ஜனங்களுக்கும் ஜெபவீடு"ன்னு சொல்றார். யூதரல்லாத மத்த ஜனங்க வந்து நின்னு ஜெபிக்கறதுக்கு இருந்த வெளிப்பிராகாரத்துல சந்தையப் போட்டுட்டாங்க, அவங்களுக்குப் போக வேற இடம் இல்ல. அப்புறம் மத்தேயு 21:14, மேஜையெல்லாம் கவிழ்ந்து கிடக்கற அதே இடத்துல குருடரும் சப்பாணிகளும் அவர்கிட்ட வர்றாங்க, அவர் சொஸ்தமாக்கறார், சின்னப் பசங்க ஓசன்னான்னு கத்தறாங்க. கொஞ்சம் யோசிங்க, ஒருத்தர் இப்பத்தான் சவுக்கெடுத்து விரட்டியிருக்கார், கண்ணு தெரியாதவனும் நடக்க முடியாதவனும் குழந்தையும் பயப்படாம அவர் பக்கத்துல போறாங்க. நான் கோபப்பட்டப்போ என் பக்கத்துல வந்தது சண்டைய வேடிக்கை பாக்கறவங்க. ஒரு சின்னப் பையன் கிளாஸுக்கு வர்றதையே நிறுத்திட்டான்.

மாற்கு 3:5ல "விசனப்பட்டு, கோபத்துடனே"ன்னு ரெண்டும் ஒண்ணா வருது, யார் மேல கோபமோ அவங்களுக்காகவே துக்கமும். எனக்கு வர்ற கோபத்துல துக்கம் இருக்கறதே இல்ல, உள்ளுக்குள்ள ஒரு சின்ன சந்தோஷம்தான் இருக்கும், மாட்டினாண்டா!

ஒரு விஷயத்துல மட்டும் தப்பாப் புரிஞ்சுக்காதீங்க. தனக்காக வர்ற கோபம் எல்லாமே சுயநலம்னு நான் சொல்லல. அடி வாங்கறவங்க, ஏமாத்தப்பட்டவங்க, வீட்டுக்குள்ள கொடுமை அனுபவிக்கறவங்ககிட்ட போய் "கோபப்படாதம்மா, மன்னிச்சுடு"ன்னு சொல்ற பாஸ்டர்கள் இருக்காங்க, அது எனக்குக் கடுப்பேத்தற விஷயம். இயேசுவையே சேவகன் ஒருத்தன் கன்னத்துல அறைஞ்சப்போ "நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்"ன்னு முகத்துக்கு நேரா கேட்டார். வசைக்குப் பதில் வசை பேசல, ஆனா செஞ்சது தப்புன்னு சொல்லாமயும் விடல.

ஜான் காசியன்னு 5ம் நூற்றாண்டுத் துறவி ஒருத்தர் இன்னும் கறாரா சொல்லுவார்: கண்ணை மூடறது தங்கத் தகடா இருந்தா என்ன, ஈயத் தகடா இருந்தா என்ன, பார்வை மறையறது ஒண்ணுதான். அதாவது காரணம் நல்லதோ கெட்டதோ, கோபம் வந்தா கண்ணு தெரியாது, நம்ம பாவத்து மேல கோபப்படறதோட நிறுத்திக்கோன்னு. நான் அவ்ளோ தூரம் போகல. பவுல் "நீங்கள் கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள்"னு சொல்றப்போ கோபம் வரும்னு எடுத்துக்கிட்டுத்தான் பேசறார். ஆனா உடனே பொழுது சாயறதுக்குள்ளன்னு ஒரு கெடு வைக்கறார், அடுத்த வரியில பிசாசுக்கு இடங்கொடாதிருங்கள்னு சொல்றார். தங்கத் தகட்டை நான் போட்டுப் பார்த்திருக்கேன், அதனால காசியனத் தள்ளிவிடவும் மனசு வரல.

இப்போ நான் பண்றது ரொம்பச் சின்ன வேலைதான், கோபத்துல எழுதினத அனுப்பாம வச்சிருந்து மறுநாள் எடுத்து "நான்" எத்தனைன்னு எண்ணறது. முக்காவாசி அதுலயே அடங்கிடும். மிச்சத்த சம்பந்தப்பட்ட ஆள்கிட்டயே நேர்ல போய்ப் பேசறது.

அண்ணன் வீட்டுக்குப் போக எனக்கு 3 மாசம் ஆச்சு. கதவைத் திறந்து உள்ள வாங்கன்னார், முன்னெல்லாம் வா போன்னுதான் பேசுவார். ஒரு பழைய கவர எடுத்துட்டு வந்து வச்சார், அதுல 2 பில் இருந்துச்சு, மூணாவது கிடைக்கவே இல்ல, அந்தத் தொகைய அவர் கையிலருந்து கட்டிட்டாராம். "கணக்கு நீங்க சொன்னது சரிதான். 3 வசனம் போட்டிருந்தீங்க, மத்தேயு 18:15 மட்டும் விட்டுட்டீங்க"ன்னார். நீயும் அவனும் தனித்திருக்கையில் குற்றத்தை உணர்த்துன்னு வருமே, அந்த வசனம். என்கிட்ட பதில் இல்ல. மன்னிப்பு கேட்டேன், தலைய ஆட்டினார்.

பையன் இப்போ கிளாஸுக்கு வர்றான். அண்ணன் கடைசி பெஞ்சுல உக்காந்து, ஆசீர்வாதம் சொல்றதுக்கு முன்னாடியே எழுந்து போயிடறார்.