டர்ஹாம் பேராலயம்: கூர்வளைவு இருந்தும் ஏன் ரோமனெஸ்க்?

இங்கிலாந்தின் டர்ஹாம் பேராலயப் படத்தில் கூர்வளைவை (உச்சி கூரான வளைவு) பார்த்து ‘கோதிக்’ என்று எழுதினீர்கள், விடைத்தாளில் ‘ரோமனெஸ்க்’ (கோதிக்குக்கு முந்திய கட்டடப் பாணி) என்றிருக்கிறது என்கிறீர்கள். விடைத்தாள் சரிதான். ஆனால் உங்கள் குழப்பம் நியாயமானது.

கூர்வளைவை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். முதலில் சுவரைப் பாருங்கள். 1093-இல் தொடங்கிய டர்ஹாமில் சுவர் தடிமன், தூண்கள் பருமன், பக்க வளைவுகளும் சன்னல்களும் அரைவட்டம். இவை ரோமனெஸ்க். கூர்வளைவு வருவது நடுக்கூடத்தின் கூரையில், கூடத்தின் அகலத்தைக் கடக்கும் குறுக்கு வளைவுகளில் மட்டும். அந்தக் கூரை 1133 வாக்கில் முடிந்தது.

அங்கே கூர்வளைவு வைத்த காரணம் வெறும் கணக்கு. இத்தகைய கல் கூரையில் ஒவ்வொரு கட்டத்தின் பக்கங்களின் மேலும் மூலைவிட்டங்களின் மேலும் வளைவுகள் எழும். அரைவட்டத்தின் உயரம் அகலத்தில் பாதி. 6 மீட்டர் சதுரத்தின் பக்கத்தில் எழும் வளைவு 3 மீட்டர் உயரும். மூலைவிட்டம் ஏறக்குறைய 8.5 மீட்டர் என்பதால் அதன் மேல் எழுவது 4.2 மீட்டரைத் தாண்டும். உச்சிகள் ஒரே மட்டத்துக்கு வராது. குறுக்கு வளைவைக் கூராக்கினால் வேண்டிய உயரத்துக்கு ஏற்றலாம்.

கோதிக் என்றால் சுவர் மெலிந்து, அதன் இடத்தைக் கண்ணாடி பிடித்திருக்கும். பாரிஸை அடுத்த சான் தெனி தேவாலயத்தின் கிழக்குப் பகுதியை (1140–44) ஒப்பிட்டுப் பாருங்கள், வேறுபாடு உடனே தெரியும்.

ஒன்றைக் கவனியுங்கள்: டர்ஹாமின் கிழக்கு முனையிலுள்ள ‘ஒன்பது பலிபீடச் சிற்றாலயம்’ 1242-இல் தொடங்கியது, அது உண்மையிலேயே கோதிக். கேள்வியில் அந்தப் படம் வந்தால் விடை மாறும்.