பயந்தபடியே வாசித்தவர்

கேள்வி: வீணை வாசிக்கிறேன். கச்சேரி என்றாலே முதல்நாளே வயிற்றைப் பிசைகிறது, விரல் சில்லிட்டுப்போகிறது. பெரிய வித்வான்களுக்கும் இப்படி உண்டா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: உண்டாவா! பெரிய வயலின் மாதிரி இருக்கும் செல்லோ என்கிற வாத்தியத்தில் மேதை பாப்லோ காசல்ஸ். அவருடைய தன்வரலாறு 1970-ல் வந்தது. போன மழைக்காலத்தில்தான் படித்தேன். 1901-ல் சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் ஒரு மலைக்குப் போயிருக்கிறார். இறங்கும்போது பாறை ஒன்று உருண்டு வந்து இடது கை விரலை நசுக்கிவிட்டது. 24 வயது, புகழ் ஏறிக்கொண்டிருந்த நேரம். அந்த நொடியில் அவர் மனதில் முதலில் தோன்றியது என்ன தெரியுமா? அப்பாடா, இனிமேல் செல்லோ வாசிக்க வேண்டாம்!

படித்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். நானும் அந்த ஜாதிதான். மேடையில் பேச ஒப்புக்கொண்டுவிட்டு, அன்றைக்குக் காய்ச்சல் வராதா, மழை கொட்டாதா என்று வேண்டிக்கொள்கிற ஆள். 'கூட்டம் தள்ளிப்போச்சு சார்' என்று போன் வந்தால் அன்று இரவு நல்ல தூக்கம்.

சில மாதங்களில் அவருக்கு விரல் சரியாகிவிட்டது. சபை பயம் மட்டும் கடைசிவரை போகவில்லை. ஆனாலும் 1971-ல், 94 வயதில், ஐ.நா. சபையில் வாசித்தார். அதனால் பயம் போன பிறகு மேடை ஏறலாம் என்று காத்திருக்காதீர்கள். கச்சேரியன்று காபியைக் குறையுங்கள். எனக்குப் படபடப்பு கொஞ்சம் அடங்கியது. கச்சேரி இல்லாத நாளிலும் தூக்கம் கெட்டால் மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கும் பேசலாம், இலவசம்தான்.