வாண்டரர்ஸ் ஆடியது நாலா, ஆறா?

நண்பரே, மாண்ட்ரியல் வாண்டரர்ஸ் என்ற பழைய பனி ஹாக்கி அணிக்கு ஒரு பட்டியலில் 4 ஆட்டம், இன்னொன்றில் 1 வெற்றி 5 தோல்வி என்று இருப்பதால் கட்டுரையில் எதைப் போடுவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே சரிதான்.

என்எச்எல் (தேசிய ஹாக்கி லீக்) தொடங்கிய 1917 டிசம்பர் 19 அன்று டொராண்டோவை 10-9 என்று வென்றார்கள். அதுவே அந்த லீக்கில் அவர்களுடைய ஒரே வெற்றி. அடுத்த மூன்றிலும் தோல்வி. போருக்கு ஆட்கள் போய்விட்டதால் அணி ஏற்கெனவே நொண்டிக்கொண்டிருந்தது. 1918 ஜனவரி 2 அன்று அவர்களுடைய அரங்கமான மாண்ட்ரியல் அரீனா எரிந்து போனது. அதே அரங்கில் ஆடிய இன்னொரு அணியான கனேடியன்ஸ் ஜூபிலி அரங்குக்கு மாறிக்கொண்டார்கள். வாண்டரர்ஸ் உரிமையாளர் லிக்டன்ஹைன் அணியையே கலைத்துவிட்டார். ஆடாத இரண்டு ஆட்டங்கள் எதிரணிகளுக்கு வெற்றியாகப் பதிவாயின. ஆக, பனியில் இறங்கியது 4, கணக்கில் 6. கட்டுரையில் இந்த வித்தியாசத்தை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், இவர்களைச் சோப்ளாங்கி அணி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்! 1906, 1907, 1908, 1910 என்று பனி ஹாக்கியின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பை வாங்கியவர்கள். நீரில் குதித்தபோது பாறையில் தலை மோதி இறந்த சக வீரர் ஹாட் ஸ்டூவர்ட்டின் குடும்பத்துக்காக நிதி திரட்டும் ஆட்டம் ஆடியதும் எரிந்துபோன அதே அரங்கில், அதே ஜனவரி 2-இல், தீ விபத்துக்குச் சரியாகப் பத்து வருடம் முன்பு.