அலமாரிக்குள் கேட்ட பேஸ்

வணக்கம் ஐயா. பழைய பேஸ் கிதார் ஒன்றை வாங்கி ஆறு மாதமாகப் பழகிவருகிறேன். யுஎஸ்பி கேபிள் மூலம் மடிக்கணினியில் பதிவு செய்தால் ஒலி மெலிந்து, தகரத்தைத் தட்டியதுபோல் இருக்கிறது. அளவைக் கூட்டினால் கரகரக்கிறது. வாசிப்பது காதுக்குச் சற்றுப் பிந்தியும் வருகிறது. ஆம்ப்ளிஃபயரும் மைக்கும் இல்லாமல் எடுப்பது பதிவே அல்ல என்கிறார் நண்பர். பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கணினிக்குக் கொண்டுசெல்லும் தனிப்பெட்டி) வாங்கிவிடலாமா?
எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

முதலில் உங்கள் நண்பர். 1960களில் அமெரிக்காவில் டெட்ராய்ட்டின் மோடவுன் இசைநிறுவன ஸ்டுடியோவில், பேஸ் மேதை ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ், மைக் வழியாக அல்லாமல் ஒயர் வழியாக நேரே பதிவு மேசைக்குத்தான் போனது. அது பதிவே அல்ல என்று சொல்லும் துணிச்சல் உங்கள் நண்பருக்கு இருந்தால் என்னிடம் அனுப்பிவையுங்கள், பேசிக்கொள்கிறேன். ஒலி பிந்துவது பஃபர் தொல்லை, அதாவது கணினி ஒலியைக் கொஞ்சம் சேர்த்துவைத்து அனுப்புவதால் வரும் தாமதம். பதிவு மென்பொருளின் அமைப்பில் அதை 256 சாம்பிளுக்குக் குறையுங்கள். விநாடிக்கு 48,000 சாம்பிள் வேகத்தில் அது ஒருவழிக்கு ஐந்து மில்லி விநாடி சொச்சம்தான். விண்டோஸ் என்றால், ஒலியின் தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ (ASIO) டிரைவர் என்ற மென்பொருளும் வேண்டியிருக்கும்.

மெலிந்த ஒலிக்கு வருகிறேன். பதிவை எதில் கேட்டீர்கள்? கடிதத்தில் அந்த ஒன்றை மட்டும் எழுதவில்லை. மடிக்கணினியின் சொந்த ஒலிபெருக்கியில்தானே? பேஸ் கிதாரின் நான்கு கம்பிகளையும் விரல் வைக்காமல் மீட்டினால் வருவது 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ். நான்கும் நூறுக்குக் கீழே. உங்கள் கணினியின் ஒலிபெருக்கி நாலணா அகலம்கூட இருக்காது. நூறுக்குக் கீழே அதற்கு ஏறக்குறைய ஊமை வேடம்தான். நீங்கள் கேட்பது, 41இன் மடங்குகளாக 123, 164 என்று மேலே கிளைக்கும் துணை ஒலிகளை. அடி ஒலியைக் காது தானாக ஊகித்துக்கொள்கிறது. அரை முழக் கயிற்றைக் கிணற்றில் விட்டுப் பார்த்துவிட்டுத் தண்ணீர் இல்லை என்கிறீர்கள்! கேட்கவில்லை என்று அளவை ஏற்றுகிறீர்கள், ஒலியலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கிறது, பிறகு கேபிளைத் திட்டுகிறீர்கள். கேபிள் என்ன பாவம் செய்தது?

இவ்வளவு கோபம் எதற்கு என்று நினைப்பீர்கள். நானும் இதையேதான் செய்தேன்.

என் அண்ணன் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசித்தவர். ஆம்ப்ளிஃபயர் குழுவுடையது, வீட்டுக்கு வராது. ஆகவே கிதாரின் தலைப்பகுதியை அம்மாவின் தேக்கு அலமாரிமீது அழுத்தி வைத்துக்கொண்டு பழகுவார். அலமாரி முழுவதும் அதிரும். மறுபுறம் முதுகைச் சாய்த்து நான் உட்கார்ந்திருப்பேன். இளையராஜா பாட்டுகளில் பாடகரின் குரலுக்கு அடியில் தனியாக ஒரு பாட்டு நடந்துபோகும் அல்லவா, அதை நான் முதலில் அறிந்தது முதுகெலும்பில். உள்ளே கண்ணாடி வளையல்கள் கிணுகிணுக்கும். அம்மா சமையலறையிலிருந்து கத்துவார்.

2011இல் நான் ஒரு யுஎஸ்பி கேபிளை வாங்கிப்போய் அண்ணனை உட்காரவைத்தேன். நாற்பது நிமிடம் வாசித்தார். கணினியில் போட்டுப் பார்த்துப் பார்த்து, சரியாகக் கேட்கவில்லை என்று ஒவ்வொரு பாட்டுக்கும் அளவை ஏற்றிக்கொண்டே போனேன். கடைசியில் எடுத்தவற்றில் அலைகளெல்லாம் மொட்டை மாடிபோலத் தட்டையாக நிற்கின்றன. டிஜிட்டலில் வெட்டுப்பட்ட தலை திரும்ப முளைக்காது. அதனால்தான் சொல்கிறேன், மிக உரத்த அடியிலும் பதிவு மென்பொருளின் அளவுகாட்டி மைனஸ் 12 டெசிபெலைத் தாண்டவிடாதீர்கள். ஒயர் உள்ள ஹெட்ஃபோன் ஒன்றை வாங்குங்கள். புளூடூத் வேண்டாம், அது இன்னும் பிந்தும். பன்னிரண்டாயிரம் பையிலேயே இருக்கட்டும்.

உங்கள் கடிதம் வந்த வாரம்தான் அந்தப் பழைய பதிவுகளை வேறு வட்டுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். சர்க்கரை நோயில் அண்ணனின் இடக்கை விரல்கள் இப்போது சரியாக மடங்குவதில்லை. ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, அதிகம் கெட்டுப்போன பதிவையே தவறுதலாகப் போட்டுவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார். மூன்றாவது சுற்றில் தாளத்துக்கு முந்திவிட்டேன், அந்த இடத்தை எடுத்துவிடேன் என்றார். கரகரப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.