டர்பன்–ஜோகன்னஸ்பர்க் கிளஸ்டர்: காலையில் பதினைந்து நிமிடம் உறைவது ஏன்?

வணக்கம் நண்பரே. உங்கள் கிளஸ்டரில், அதாவது ஒன்றாக இயங்கும் கணினிக் குழுவில், டர்பனில் இரண்டு நோடு (கணினி), ஜோகன்னஸ்பர்கில் ஒன்று, எல்லாம் லினக்ஸ். இரவு முழுக்கச் சும்மா இருந்து, காலையில் முதன்முதலாகத் தரவை எழுதும்போது கால் மணிநேரம் உறைந்து பிறகு தானே சரியாகிறது என்றீர்கள். அந்தக் கால் மணிநேரமே துப்பு. கேபிளைச் சந்தேகிக்காதீர்கள்.

நடுவில் உள்ள ஃபயர்வால் (பாதுகாப்புக்காக இணைப்புகளை வடிகட்டும் கருவி), போக்குவரத்து இல்லாத இணைப்பைச் சத்தமில்லாமல் மறந்துவிடுகிறது. இரு முனைகளுக்கும் அது தெரியாது. காலையில் அனுப்பும் பாக்கெட்டுக்குப் பதில் வராது. லினக்ஸ் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். எத்தனை முறை அப்படி முயலும் என்பதைச் சொல்லும் லினக்ஸ் அமைப்பு டிசிபி ரீட்ரைஸ்-2 (tcp_retries2), இயல்பாக 15. கைவிட ஏறக்குறைய 924 விநாடி, அதாவது கால் மணிநேரத்துக்குச் சற்று மேல் ஆகும். கணக்கு பொருந்துகிறதா?

சும்மா இருக்கும் இணைப்பில் ‘இருக்கிறாயா’ என்று கேட்கும் சிறு பாக்கெட்தான் கீப்அலைவ். அது தொடங்கும்வரை காத்திருக்கும் நேரம் இயல்பாக 7200 விநாடி, அதாவது இரண்டு மணிநேரம். ஃபயர்வால் அவ்வளவு நேரம் காத்திருக்காது. அதை 300 அல்லது அதற்கும் கீழே வையுங்கள். ஃபயர்வாலின் காலக்கெடுவைவிடக் குறைவாக இருப்பதுதான் முக்கியம். ஆனால் மென்பொருளே தன் சாக்கெட்டில் (இணைப்பின் முனையில்) கீப்அலைவைக் கேட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்த எண்ணை மாற்றிப் பயனில்லை. நான் இதில் இரண்டு நாள் வீணாக்கினேன். இணைப்புகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் (ss) கட்டளையில் டைமரைப் பார்த்தால், கீப்அலைவ் இயங்குகிறதா என்று தெரிந்துவிடும்.

ரீட்ரைஸ்-2ஐ 5 ஆக்குங்கள். லோட் ஷெடிங்கில் (சுழற்சி மின்வெட்டில்) ஒரு நோடு சொல்லாமல் அணைந்தாலும் மற்றவை சில விநாடிகளில் உணர்ந்துகொள்ளும். மாற்றியபின் சேவைகளை ஒவ்வொன்றாக மறுதொடக்கம் செய்யுங்கள். நாளைக் காலை நிலவரத்தை எழுதுங்கள், காத்திருக்கிறேன்.