தோட்டத்துக் கேள்விகள்: மரத்தடி மண் வெயிலைப் பார்க்கக் கூடாது

ஒன்றரை ஏக்கர் தோட்டத்தில் 30 தென்னை வைத்திருக்கிறோம். கிணற்றுத் தண்ணீர் காலையில் முக்கால் மணி நேரம்தான் ஓடுகிறது. அடிமட்டைகள் தொங்கிவிட்டன, குரும்பை கொட்டுகிறது. கடன் வாங்கியாவது போர்க் கிணறு போட்டுவிடலாம் என்கிறார் கணவர். போடலாமா?
– ஒரு வாசகி, காங்கேயம்

அவசரப்பட வேண்டாம், அம்மணி. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் நான் பட்டதைக் கேளுங்கள்.

2016-ஆம் ஆண்டு ஐப்பசியும் கார்த்திகையும் எங்கள் பக்கம் மழையே இல்லாமல் போயின. அடுத்த சித்திரையில் எங்கள் தோட்டத்து 52 தென்னைகளில் 14 மரங்களின் குருத்து சாய்ந்தது. எல்லாம் என் மாமனார் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்தவை. என் வளையல்களை அடகு வைத்து 700 அடிக்குப் போர் போட்டோம். புழுதிதான் பறந்தது. மரமும் போயிற்று, வளையலும் போயிற்று.

அந்த வருடம் மாடு கட்டும் கட்டுத்தரையை ஒட்டி நின்ற ஐந்து மரங்கள் மட்டும் பச்சை மாறாமல் இருந்தன. அவற்றுக்கென்று தனியாக ஒரு குடம் தண்ணீர்கூட விட்டதில்லை. ஏன் என்று பார்க்க மண்வெட்டியோடு போய் ஒரு மரத்தடியைக் கொத்தினேன். தேங்காய் உரித்த மட்டைகளைப் பல வருடங்களாக அங்கேதான் கொட்டி வந்திருக்கிறோம். மேலே கிடந்தவை காய்ந்த சருகுபோல நொறுங்கின. ஒன்றரை அடிக்குக் கீழே கிடந்த ஒரு மட்டையைப் பிடுங்கினேன், வரவில்லை. நாருக்குள் புகுந்த தென்னையின் வெள்ளை வேர்கள் அதைக் கட்டிப் பிடித்திருந்தன. அறுத்தெடுத்து உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன். அந்த அக்னி நட்சத்திர வெயிலிலும் விரல் இடுக்கில் ஈரம் கசிந்தது. அன்று அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். முதல் கோடை மழை பெய்து மண் இளகட்டும். மரத்திலிருந்து ஐந்து அடி தள்ளி, சுற்றிலும் ஓர் அடி அகலம், இரண்டு அடி ஆழத்துக்குக் குழி எடுங்கள். உரிமட்டையின் குழிந்த பக்கம் வானத்தைப் பார்க்கும்படி அடுக்கி, மேலே மண் தள்ளி, மறுபடி ஒரு வரிசை அடுக்குங்கள். கவிழ்த்து வைத்தால் தண்ணீர் தங்காது. எங்களுக்கு மரத்துக்கு 200 மட்டைக்கு மேல் பிடித்தது. ஒரே வருடத்தில் எல்லா மரத்துக்கும் முடியாவிட்டால் கிணற்றுக்குத் தொலைவில் இருக்கும் மரங்களிலிருந்து தொடங்குங்கள். ஒருமுறை புதைத்தால் ஐந்தாறு வருடம் கவலையில்லை.

மழை வரும்வரை விழுந்த ஓலைகளை மூன்று துண்டாக நறுக்கி வட்டப்பாத்தி முழுவதும் மண் தெரியாமல் பரப்புங்கள். கரையான் வந்தால் இரண்டு கை வேப்பம்பிண்ணாக்கைத் தூவினால் போதும். காலையில் விடும் தண்ணீரைச் சாயங்காலத்துக்கு மாற்றுங்கள். இரவு முழுக்க வேர் குடிக்கும். சொட்டுநீர்க் குழாய் இருந்தால், பிப்ரவரி முதல் மே வரை ஒரு மரத்துக்கு நாளொன்றுக்கு 65 லிட்டர் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் கணக்கு. தட்டுப்பாட்டில் அதை 45 ஆகக் குறைத்துக்கொள்ளலாம். உங்கள் முக்கால் மணி நேரத் தண்ணீரை ஒரு தொட்டியில் பிடித்து அளந்து பாருங்கள். முப்பது மரத்துக்கு 1,350 லிட்டர்தானே வேண்டும்? தண்ணீர் இருக்கிறது, அம்மணி. வாய்க்காலில் ஓடி வெயிலுக்குப் போகிறது, அவ்வளவுதான்.

கோடை உழவு செய்து மண்ணை வெயிலில் காயப்போட வேண்டும் என்கிறார்கள். நீங்களோ மூடச் சொல்கிறீர்கள். எதைக் கேட்பது?
– ஒரு வாசகர், அரவக்குறிச்சி

இரண்டையும் கேளுங்கள். வெறும் காட்டைச் சித்திரையில் சரிவுக்குக் குறுக்கே உழுது போட்டால் கூட்டுப்புழுக்கள் மேலே வந்து வெயிலிலும் கொக்கு, மைனாவின் வாயிலும் போகும். பெய்கிற மழையும் ஓடாமல் இறங்கும். ஆனால் அது பயிர் இல்லாத மண். வேர் உயிரோடு இருக்கும் இடத்தில் ஏரும் வேண்டாம், வெயிலும் வேண்டாம்.

கொல்லையில் கத்தரியும் தக்காளியும் பூக்கின்றன, ஆனால் பிஞ்சு நிற்கவில்லை. யூரியா வைக்கலாமா?
– ஒரு வாசகி, பழனி

வைக்காதீர்கள். பசியால் உதிரும் பூ அல்ல அது. வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் தக்காளியின் மகரந்தம் கெட்டுவிடும். எந்த உரமும் அதைத் திருப்பித் தராது. தக்காளியைப் பிடுங்கி எருக்குழியில் போட்டுவிட்டுக் கொத்தவரையும் தண்டுக்கீரையும் போடுங்கள், இந்த வெயிலைத் தாங்கும். கத்தரியை மட்டும் பிடுங்க மனம் வராது எனக்கு. தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டி, தூரில் ஒரு கூடை மக்கிய எரு வைத்து, மேலே சோளத்தட்டைப் போட்டு மூடுங்கள். மழை விழுந்ததும் புதுத் தளிர் எடுத்து, ஆடிப்பட்டத்து நாற்று காய்ப்பதற்கு முன்பே காய்க்கும்.

பசுவுக்குப் பச்சைத் தீவனமே இல்லை. சென்ற வாரம் பெய்த மழையில் அறுத்த சோளக்காடு துளிர்த்திருக்கிறது. அவிழ்த்து விடலாமா?
– ஒரு வாசகர், மூலனூர்

வேண்டாம், தம்பி. இந்த இதழ் கைக்கு வரும் முன்பே விட்டிருக்கக் கூடாதே என்று என் மனம் அடித்துக்கொள்கிறது.

அறுத்த தூரிலிருந்து கிளம்பும் இளஞ்சோளத்திலும், காய்ந்து வாடிய குட்டைச் சோளத்திலும் விஷம் இருக்கும். மாட்டின் வயிற்றில் அது ஹைட்ரஜன் சயனைடாக மாறும். எங்கள் சினைக் கிடேரி ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு போய்ப் பத்து நிமிடம் மேய்ந்தது. திரும்பி வரும்போது கால்கள் பின்னின, வாயில் நுரை, மூச்சு இழுத்து இழுத்து வந்தது. மருத்துவர் வரும் முன் என் மடியில் தலையை வைத்துப் போய்விட்டது. பூ எடுத்த பிறகுதான் சோளம் ஆபத்தில்லாத தீவனம். அதுவரை வேலியை இறுக்கிக் கட்டுங்கள். ஒருவேளை மேய்ந்துவிட்டால் கைவைத்தியம் பார்த்து நேரம் கழிக்காமல் 1962 என்ற கால்நடை மருத்துவ உதவி எண்ணுக்கு அழையுங்கள். அதற்கு மாற்று ஊசி உண்டு, நேரத்தில் போட்டால் பிழைக்கும்.

இப்போதைக்கு அகத்தி, கிளுவை, கொடுக்காப்புளித் தழைகளை ஒடித்து உலர்ந்த தட்டோடு கலந்து போடுங்கள். காலை ஒன்பதுக்குள் மேய்ச்சலை முடித்து, பகலில் வேப்பமரத்து நிழலில் கட்டித் தொட்டியில் எப்போதும் தண்ணீர் நிற்கும்படி பாருங்கள்.

பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தோட்டத்தில் என்ன வேலை கொடுக்கலாம்?
– ஒரு வாசகி, சென்னிமலை

வேப்பம்பழம் பொறுக்கச் சொல்லுங்கள். வைகாசி பிறந்தால் பழம் விழத் தொடங்கும். விடியற்காலையில் பனி ஈரத்தோடு பொறுக்கி, தோலைப் பிசைந்து கழுவி, கொட்டையை நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் வீரியம் போய்விடும். காய்ந்ததும் சாக்கில் கட்டிக் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

ஆடியில் விதைத்த செடிக்குப் பூச்சி வந்ததும் அந்த வேப்பங்கொட்டையை உடைத்தெடுத்த பருப்பில் அரைக் கிலோவை இடித்துத் துணியில் கட்டித் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, வடிகட்டி, பத்து லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்புக் கரைத்துச் சாயங்காலத்தில் தெளிக்கலாம். கடையில் பாட்டில் வாங்கும் செலவு மிச்சம். என் பேத்தி போன வருடம் நான்கு படி பொறுக்கினாள். படிக்கு இருபது ரூபாய் கொடுத்தேன். அந்தப் பணத்தில் அவள் வாங்கிய பீர்க்கன் விதைதான் இப்போது வேலியில் ஏறிக்கொண்டிருக்கிறது.