பாட் தாயை விட வேண்டாம், வீட்டில் செய்யுங்கள்

சகோதரி, பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி என்று சொல்லப்படும் ஹார்மோன் பிரச்சினை) வந்ததிலிருந்து பாட் தாய் (தாய்லாந்து வறுத்த அரிசி நூடல்ஸ்) பக்கமே போவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே வருத்தமாக இருந்தது. எனக்கும் அதே பிரச்சினைதான். நம்மில் பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாது, அதனால் பாட் தாயில் அரிசி நூடல்ஸையும் சர்க்கரையையும் குறைத்தால் அளவாகச் சாப்பிடலாம்.

காய்ந்த நூடல்ஸ் ஒருவருக்கு 40 கிராம். வேக வைக்காமல் சாதாரணத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறட்டும். விரலில் சுற்றினால் உடையாமல் வளைய வேண்டும். மீதிக்கு சிங்கப்பூர் தேக்கா சந்தையில் தவ்குவா (கெட்டி டோஃபு), இறால், குச்சாய் (பூண்டு மணமுள்ள கீரைத்தாள்), கை நிறைய தவ்கே (முளைகட்டிய பயறு) வாங்கிக்கொள்ளுங்கள். 2 முட்டையும் சேரட்டும். சாஸுக்குப் புளிக்கரைசல் 2 மேசைக்கரண்டி, மீன் சாஸ் 1 மேசைக்கரண்டி, பனஞ்சர்க்கரை 1 தேக்கரண்டி மட்டும். தவ்கே தவிர எல்லாவற்றையும் வாணலியில் வதக்கி, நூடல்ஸும் சாஸும் சேர்த்துப் புரட்டி வேக விடுங்கள். அடுப்பை அணைத்த பிறகு தவ்கேயைப் போட்டு ஒரு புரட்டு. மொறுமொறுப்பு அப்படியே இருக்கும். அப்புறம் இடித்த வேர்க்கடலை, எலுமிச்சை.